எங்கே புதைத்தது என்றுதான் கேட்டோம்

மிதிவெடி அகற்றும் வேலை என்றதும் வெளியில் இருப்பவர்களுக்கு நினைவில் வருவது, முகத்தில் வைசரும் கையில் டிடெக்டருமாக மண்ணில் முழங்கால் ஊன்றியிருக்கும் ஒருவர்தான். ஆனால் அந்த வேலை ஒரு வீட்டு விறாந்தையில், பிளேன்ரீ குடித்துக்கொண்டே தொடங்குகிறது. "இந்தப் பக்கம் மாடு ஏதும் வெடியில அகப்பட்டிருக்கா அம்மா?" என்று கேட்போம். விறகுக்குப் போகிறவர், தேன் எடுக்கிறவர், மாடு மேய்க்கிறவர், முன்பு அந்தப் பக்கம் காவலுக்கு நின்றவர் என்று ஒவ்வொருவரும் சொல்வதைக் கேட்டுக் கேட்டு ஒரு வரைபடம் உருவாகும். நாங்கள் அதைச் சேர்வே என்போம். அதில் பிழைத்தால் பிறகு எத்தனை பேரை இறக்கினாலும், எந்த மெசினைக் கொண்டுவந்தாலும் வெறும் மண்ணைத்தான் கிளறிக்கொண்டிருப்போம்.

நான் பிறந்தது நறுவிலிக்குளத்தில். இலங்கையின் மன்னார் மாவட்டம், நானாட்டான் பிரதேசத்தில் வங்காலைக்குப் பக்கத்து ஊர். வயலையும் கடலையும் கோவிலையும் நம்பி வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. 2002 பெப்ரவரி 22 ஆம் தேதி அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கும் இடையில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதற்குப் பிறகு வடக்கில் மிதிவெடி அகற்றும் நிறுவனங்கள் ஆள் எடுக்கத் தொடங்கியபோது நானும் சேர்ந்தேன். டிமைனராகத் தொடங்கி செக்சன் லீடர், சுப்பவைசர், சேர்வே பொறுப்பு என்று போனேன். இடையில் யுத்தம் திரும்பி வந்தது, முடிந்தது, அதன் பிறகும் வேலை தொடர்ந்தது. இவ்வளவு காலத்தில் நான் கண்டதை ஒரு வரியில் சொல்லலாம்: "நீ யார்" என்று முதலில் கேட்ட இடத்தில் மிதிவெடி மண்ணுக்குள்ளேயே கிடந்தது, "எங்கே" என்று கேட்ட இடத்தில் வெளியே வந்தது.

நான் பழமையை மதிக்கிற ஆள். கடமை, கட்டுப்பாடு, குடும்பம், ஊர் என்பவற்றை எடுத்துவிட்டால் மனிதனுக்கு நிற்க நிலமில்லை என்று நம்புகிறவன். அடையாளத்தை முன்னே பிடித்துக்கொண்டு நடக்கும் இன்றைய அரசியலையும், வருடத்துக்கு வருடம் புதிதாக வரும் ஆயுதங்களையும் நான் அந்த நம்பிக்கையோடுதான் பார்க்கிறேன். ஆனால் இங்கே எழுதுவது முழுக்க வேலையில் கண்டது.

முதல் பாடம் பயிற்சி நிலத்தில் கிடைத்தது. ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு லேன். முன்னால் குறுக்காக ஒரு கம்பு. அதுதான் உன் எல்லை. கம்புக்கு இப்பால் தேடி முடித்த மண், அப்பால் தேடாத மண். பார்த்து முடித்ததும் கம்பை முன்னுக்கு நகர்த்தலாம். அதற்கு முன் கையோ காலோ அப்பால் போகக் கூடாது. இரண்டு டிமைனர்களுக்கு இடையில் இருபத்தைந்து மீற்றர் இடைவெளி. ஒருவருக்கு வெடித்தால் மற்றவருக்குக் காயம் வரக் கூடாது. காலையில் டிடெக்டரைச் சோதனைத் துண்டில் வைத்துப் பார்த்து, அது கத்தினால்தான் லேனுக்குள் இறங்கலாம். மெடிக்கும் அம்புலன்சும் இல்லாவிட்டால் அன்று வேலை இல்லை. இந்த விதிகளில் ஒன்றுகூட ஆளைப் பார்த்து மாறுவதில்லை. படித்தவனுக்கும் படியாதவனுக்கும், வேதக்காரனுக்கும் சைவக்காரனுக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கம்புதான்.

எங்கள் மாவட்டத்து மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலோரத்தில், வங்காலை, அரிப்புப் பக்கம் உவர் மண். உப்பு ஏறிய ஈர மண்ணில் டிடெக்டர் காரணமில்லாமல் கத்தும். உள்ளே போனால் வயல் மண். கோடையில் அது இறுகிப்போகும். தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுத்தான் கிளற முடியும். மாரியில் வயல் முழுக்க வெள்ளம். அப்போது வேலையே நடக்காது. யுத்தம் நடந்த மண் அணைகளின் ஓரத்தில் இன்னொரு தொல்லை. சன்னக் கோதுகளும் ஷெல் துண்டுகளும் எங்கும் சிதறிக் கிடக்கும். டிடெக்டர் எல்லாவற்றுக்கும் கத்தும். அங்கே எங்களைக் காப்பாற்றியது தோட்டத்தில் குப்பை இழுக்கிற றேக். கனத்த றேக்கால் முன்பக்கத்து மண்ணைக் கிளறி, மெல்லிய றேக்கால் இழுத்து, கீழிருந்து மண்ணின் வெட்டுமுகத்தைப் பார்த்தபடி முன்னேறும் முறை இலங்கையில்தான், நோர்வே மக்கள் உதவி நிறுவனம் யாழ்ப்பாணத்தில் வேலை செய்த காலத்தில் வளர்ந்தது. டிடெக்டருக்குக் கேட்காத வெடியும் றேக்கின் பல்லில் தட்டுப்படும்.

ஏனென்றால் இங்கே புதைத்தவற்றில் பெரும்பாலானவற்றில் இரும்பு மிகக் குறைவு. ஆமி பயன்படுத்தியதில் அதிகம் கண்டது பாகிஸ்தான் தயாரிப்பான பி-4. பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே மிகச் சிறிய உலோகத் துண்டு. இயக்கம் செய்தவற்றில் ஜொனி மரப்பெட்டியில் வரும். ரங்கன் பி-4 ஐப் பார்த்துச் செய்தது. பல வருடம் மண்ணில் கிடந்த ஜொனியின் பலகை உக்கிப்போயிருக்கும். அதைத் தொடும்போது இன்னும் கவனம் வேண்டும். ஜொனி எங்கட பெடியளின் கெட்டித்தனம் என்று பெருமை பேசுகிற தமிழரைக் கண்டிருக்கிறேன். ஆமியின் மிதிவெடி நாட்டைக் காத்தது என்று சொல்கிற சிங்களவரையும் கண்டிருக்கிறேன். இரண்டையும் கையால் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாடு மேய்க்கப் போன சிறுவனின் காலைக் கொண்டுபோனபோது இரண்டும் அவனுடைய இனத்தைக் கேட்கவில்லை.

ஆனால் வேலைக்கு ஒரு வேறுபாடு இருந்தது. ஆமி வைத்தவை பெரும்பாலும் வரிசையாக, அளவெடுத்து, பதிவோடு இருந்தன. இயக்கம் வைத்தவற்றில் பல, வைத்தவர்களின் நினைவில் மட்டும் இருந்தன. பதிவு என்பது ஒழுங்கான படைக்கு அடையாளம் என்று நான் அப்போதிருந்தே நினைத்தேன். ஆயுதம் வைத்திருக்கிறவனுக்கு அதைத் திரும்ப எடுக்கும் பொறுப்பும் உண்டு. பதிவு எழுதும்போதே அவன் அந்தப் பொறுப்பை ஒப்புக்கொள்கிறான். என்றாலும் எழுதிய பதிவு எப்போதும் போதாது. வரிசை தொடங்கும் புள்ளியாக ஒரு காவலரணையோ தந்திக் கம்பத்தையோ குறித்திருப்பார்கள். நாங்கள் போகும்போது அந்தக் காவலரண் இடிந்து, கம்பம் விழுந்து, மழை வெள்ளம் வெடிகளையே தள்ளிக்கொண்டு போயிருக்கும்.

2006 இல் மீண்டும் சண்டை தொடங்கியது. துப்புரவாக்கிய இடங்களுக்குப் பக்கத்திலேயே புதிதாகப் புதைத்தார்கள். 2007 செப்டெம்பரில் சிலாவத்துறை ஆமியிடம் விழுந்தது; 2008 ஏப்ரலில் மடு, மே மாதம் அடம்பன், யூலையில் விடத்தல்தீவு. எங்கள் மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்று சொல்லும் மாந்தை மேற்குப் பக்கம் முழுக்க மண் அணைகளும் காவலரண் வரிசைகளுமாக மாறியது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்ததும் முகாம்களில் இருந்த சனத்தைக் கூட்டிவர வேண்டிய அவசரம் வந்தது. சனம் வருமுன் நிலம் தயாராக வேண்டும். அந்தக் காலத்து வேகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. ஆமியின் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றும் பிரிவு, இந்தியாவிலிருந்து ஹொரைசன், சர்வத்ரா, சுவிசின் எஃப்எஸ்டி, பிரித்தானியாவின் மாக் என்று வேறுவேறு நிறுவனங்கள் வடக்கில் பக்கம் பக்கமாக வேலை செய்தன.

அப்போதுதான் மெசின்கள் அதிகமாக வந்தன. குரோஷியாவின் எம்வி-4, ஸ்லோவாக்கியாவின் பொசேனா. தூரத்தில் நின்று றிமோட்டால் ஓட்டுவார்கள். முன்னால் சுழலும் சங்கிலிச் சுத்தியல்கள் மண்ணை அடித்து உடைத்துக்கொண்டு போகும். பார்க்கிற சனத்துக்கு அது பெரிய ஆறுதல்; "இனி கெதியா முடிஞ்சிடும்" என்பார்கள். பற்றை வெட்டவும், வெடி குறைவான பரந்த நிலத்தைச் சுருக்கிக் காட்டவும் அவை உண்மையில் உதவின. ஆனால் மண் அணையின் சரிவில், பங்கரின் பக்கத்தில், வாய்க்கால் கரையில் மெசினை நம்ப முடியாது. சில வெடிகளை அது உடைத்துச் சிதறடிக்கும், சிலவற்றைத் தள்ளிவிடும். பின்னால் மனிதன் இறங்கி மறுபடி பார்க்கத்தான் வேண்டும். டிடெக்டர்களும் அப்படித்தான். ஜெர்மனியின் எபிங்கர், வலோன், ஆஸ்திரேலியாவின் மைன்லாப், இத்தாலியின் சியா என்று ஒவ்வொன்றும் முந்தியதைவிட நுட்பமாக வந்தது. அங்கோலாவிலும் கம்போடியாவிலும் உலோக டிடெக்டரோடு தரைக்குள்ளே பார்க்கும் ரேடாரும் சேர்ந்த கருவிகளை, வெடி அகற்றும் ஹலோ நிறுவனம் பயன்படுத்தியது. கம்போடியாவில் பயிற்சி பெற்ற எலிகளைக் கொண்டே வெடிமருந்தை மோப்பம் பிடிக்க வைத்தார்கள். எல்லாம் நல்லவை. ஆனால் எந்தக் கருவியும் "இந்த நிலத்தில் தேடு" என்று தானாகச் சொல்லாது. அதை ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும்.

மடுவுக்கு அப்பால், பாலம்பிட்டிப் பக்கத்து ஒரு கிராமத்தில் நடந்தது இது. முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு முடிந்து வீடு திரும்பியிருந்த ஒரு பெடியன் அங்கே இருந்தான். அவனுக்கு அந்தப் பக்கத்து வரிசைகள் தெரியும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு முன் பல பேர் வந்து போயிருந்தார்கள். எல்லாரும் கொப்பியைத் திறந்து பெயர், இயக்கத்தில் இருந்த காலம், எந்தப் படையணி, யாருக்குக் கீழே என்று தொடங்கியிருக்கிறார்கள். அவன் "எனக்கு ஒண்டும் தெரியாது ஐயா" என்ற ஒரே பதிலை வைத்திருந்தான். நாங்கள் போனபோது கொப்பியைத் திறக்கவில்லை. அவனுடைய தாய் தந்த பிளேன்ரீயைக் குடித்தோம். "அம்மா, உங்கட வயல் எந்தப் பக்கம்? இந்த மாரிக்கு விதைக்கலாமா?" என்று தாயிடம்தான் கேட்டேன். தாய் அவனைப் பார்த்தார். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து வேலியடிக்கு வந்தான்.

"அண்ணை, அந்தப் பாலை மரத்தில இருந்து வாய்க்கால் வரைக்கும் ஜொனி. வாய்க்காலுக்கு அங்கால நாங்க வைக்கேல்ல. அங்கால கிடக்கிறது ஆமியின்ர."

அவன் காட்டியபடியே நாங்கள் லேன்களைத் திறந்தோம். வாய்க்கால் வரை ஜொனி, அதற்கு அங்கால பி-4. அவனுடைய சில நிமிடப் பேச்சு எங்களுக்கு மாதக்கணக்கான வேலையை மிச்சம் பிடித்துத் தந்தது. அவனுடைய பழைய படையணி எது என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. அது என் வேலைக்குத் தேவைப்படவில்லை.

ஆமிப் பக்கத்திலும் இதே அனுபவம் உண்டு. பதிவில் சொன்ன தொடக்கப் புள்ளி கிடைக்காமல் ஒரு நிலத்தில் வேலை நின்றுபோனது. பொறியியல் படையணியில் அந்த வரிசையை வைத்த காலத்தில் இருந்த ஒரு சார்ஜன்ட் இன்னும் சேவையில் இருப்பதாக அறிந்து கேட்டனுப்பினோம். வந்தார். தமிழ் அரைகுறை, எங்கள் சிங்களமும் அரைகுறை. நிலத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு ஒரு சீமெந்துத் துண்டைக் காட்டி, காவலரணின் மூலை இதுதான் என்றார். அங்கிருந்து அளந்தபோது பதிவும் நிலமும் பொருந்தின. இந்த மனிதர் என் சனத்தின் ஊர்களுக்குள் துவக்கோடு நின்றவர் என்பது எனக்குத் தெரியும். அந்த நினைவு எனக்குள் இருந்தது. அவருக்குள்ளும் ஏதோ இருந்திருக்கும். அதை முன்னால் எடுத்து வைத்திருந்தால் அந்த மூலை கிடைத்திராது.

மிதிவெடி அகற்றும் டாஷ் என்ற உள்ளூர் நிறுவனத்தை ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஆனந்த சந்திரசிறி 2010 இல் தொடங்கினார். அங்கே முன்னாள் படையினரும் முன்னாள் போராளிகளும் ஒரே நிலத்தில் வேலை செய்தார்கள். இதை நல்லிணக்கத்தின் சின்னம் என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் எழுதுவார்கள். லேனுக்குள் யாரும் சின்னமாக இருப்பதில்லை. இருபத்தைந்து மீற்றர் தள்ளி இருப்பவன் தன் கம்பைச் சரியாக வைத்திருக்கிறானா என்பதுதான் எனக்கு முக்கியம். அவன் சரியாக வைத்தால் அவன்மேல் நம்பிக்கை வரும். அந்த நம்பிக்கையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சும் வரும், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதையும் வரும். வேலையைச் சரியாகச் செய்ததன் பயனாக வந்த இணக்கம் அது. கூட்டம் போட்டு அறிவித்து வந்ததாக எங்கேயும் நான் காணவில்லை.

பெண்கள் இந்த வேலைக்கு வந்தது பற்றி ஊரில் அதிகம் பேசினார்கள். யுத்தத்தில் கணவனை இழந்த பெண்கள் நிறையப் பேர். வடக்கில், முகமாலை போன்ற பெரிய வெடி நிலங்களில், பெண் டிமைனர்கள் இல்லாமல் வேலை நகர்ந்திராது. நிதி கொடுக்கிறவர்கள் சிலர் அதற்கொரு கணக்கு வைத்தார்கள்: இத்தனை வீதம் பெண் தலைமைக் குடும்பம், இத்தனை வீதம் முன்னாள் போராளி என்று. இந்த இடத்தில் என் கருத்து எப்போதும் ஒன்றுதான். நிவாரணம் கொடுக்கும்போது யாருக்குத் தேவை அதிகம் என்று பார். அது நியாயம், அது தருமம். வேலைக்கு எடுக்கும்போது சோதனையைப் பார். கணக்கை நிரப்புவதற்காக எடுத்தவர் என்ற பேச்சு வந்துவிட்டால், நன்றாக வேலை செய்கிற பெண்ணின் தகுதிக்கே மற்றவர்கள் விலை குறைத்துப் போடுவார்கள். எங்களோடு வந்த பெண்கள் அதே சோதனையை எழுதி, அதே பயிற்சி நிலத்தில் அதே போலி வெடிகளைக் கண்டுபிடித்து வந்தவர்கள். அவர்களுக்கு யாரும் கம்பை நகர்த்திக் கொடுக்கவில்லை. காற்சட்டை போட்டுக்கொண்டு போகிறார்கள் என்று முணுமுணுத்த ஊர்ப் பெரியவர்களிடம் நான் சொன்னது: பிள்ளைகளைப் பட்டினி போடாமல், யாரிடமும் கையேந்தாமல், குடும்பத்தைக் கட்டிக் காக்கிற பெண்ணைவிடப் பழைய ஒழுங்கைக் காப்பவர் யார்?

அடையாளம் என்ற ஒன்றையே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. ஊர், கோவில், பாட்டன் வெட்டிய கிணறு, பரவணியாக வந்த வயல் என்பவைதான் சனத்தை முகாமிலிருந்து திரும்ப இழுத்துவந்தன. கோவில் மணிக்கூண்டு ஷெல்லில் உடைந்திருந்தாலும் அங்கேதான் முதல் பூசை என்று நின்றார்கள். அப்படிப்பட்ட பிடிப்பு மனிதனை ஒரு இடத்துக்கும் அதன் கடமைகளுக்கும் கட்டிப்போடுகிறது. நான் எதிர்ப்பது அதை எடுத்து இன்னொருவனுக்கு எதிராக நீட்டுகிற அரசியலை. அது எங்கே கொண்டுபோகும் என்பதை எங்கள் மாவட்டம் 1990 ஒக்டோபரில் கண்டது. வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களை இயக்கம் வெளியேற்றியது. மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டியிலிருந்தும், தெற்கே முசலிப் பக்கத்திலிருந்தும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சனம் கையில் கிடைத்ததோடு புத்தளம் பக்கம் போனது. அவர்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அவர்கள் யார் என்பது மட்டுமே காரணம்.

2009 க்குப் பிறகு அவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். சிலாவத்துறைப் பக்கத்தில் ஒரு நிலம். காடு மூடிக் கிடந்தது, எல்லை தெரியவில்லை, வெடி இருக்கிறது என்ற பேச்சும் இருந்தது. நிலக்காரர் வயதான ஹாஜியார். எங்கள் குழுவில் எல்லாரும் தமிழர். அவர் ஒவ்வொரு நாளும் வந்து, அனுமதித்த எல்லைக்கு வெளியே ஒரு மரத்தின் கீழ் கதிரை போட்டு உட்காருவார். ஒரு நாள் இடைவேளையில் கேட்டார்: "தம்பி, நாங்க போகும்போது நீங்க எங்க இருந்தீங்க?" நான் இளைஞனாக நறுவிலிக்குளத்தில் இருந்தேன் என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவரும் கேட்கவில்லை. பிறகு அவராகவே பழைய கிணறு எங்கே, வாப்பா வைத்த புளியமரம் எங்கே, பின்பக்கத்துப் பாதை எப்படிப் போனது என்று கையால் வரைந்து காட்டினார். அந்தப் பாதையில்தான் வெடிகள் இருந்தன. ஆட்கள் நடக்கும் இடத்தில்தானே வைப்பார்கள். நிலத்தைக் கையளித்த அன்று அவர் முதலில் போய் நின்றது கிணற்றடியில்.

அடையாளத்தை இன்னொருவனுக்கு எதிராக நீட்டும் பழக்கம் யுத்தத்தோடு போய்விட்டது என்று நினைக்க முடியவில்லை. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சரம் சிவன் கோவிலுக்குப் போகும் வீதியில் வளைவு அமைப்பது தொடர்பாகக் கத்தோலிக்கருக்கும் சைவருக்கும் இடையில் பிரச்சினை வெடித்து, வளைவைப் பிடுங்கி எறிந்தார்கள். என் மதத்தவர்கள் செய்தது அது, நான் வெட்கப்பட்டேன். அந்த வாரம் எங்கள் குழுவில் கத்தோலிக்கப் பெடியளும் சைவப் பெடியளும் காலையில் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. லேனுக்குள் இறங்குமுன் எல்லாரையும் நிறுத்தி, அன்றைய விதிகளை வழமையைவிட மெதுவாக, ஒவ்வொன்றாக வாசித்தேன். பிறகு ஒருவரின் வைசரையும் கவசத்தையும் மற்றவர் சரிபார்க்க வைத்தேன். அது வழமையாகச் செய்வதுதான். அன்று சோடிகளை மட்டும் மாற்றிப் போட்டேன். ஒருவன் மற்றவனுடைய கவசத்தின் பட்டியை இழுத்து இறுக்கிப் பார்க்கிறபோது, இவன் உயிர் என் கையில் என்பது அவனுக்கு விளங்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூடியபோது கறியைப் பகிர்ந்தார்கள்.

எந்த நிலத்தை முதலில் துப்புரவாக்குவது என்பதிலும் இந்த அரசியல் நுழையப் பார்க்கும். ஒழுங்கு எளியது: பாதை, கிணறு, பள்ளிக்கூடம், குடியிருப்பு, வயல், பிறகு மேய்ச்சல் நிலமும் காடும். ஆனால் எங்கள் சனத்தின் பக்கம் முதலில் செய், அவர்களின் பக்கம் பிறகு பார்க்கலாம் என்று நேராகவும் மறைவாகவும் சொல்லிவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். எல்லாச் சமூகத்திலும் இருந்தார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கு ஒழுங்குப் பட்டியலைத்தான் காட்டினோம். எழுதி வைத்த ஒழுங்கு ஒன்று இருந்ததால் தப்பினோம்.

ஆயுதங்களைப் பற்றி இப்போது சொல்கிறேன். நாட்டுக்குப் படை வேண்டாம் என்று சொல்கிறவன் அல்ல நான். எல்லை உள்ள நாட்டுக்குக் காவல் வேண்டும். ஆனால் போருக்கும் முறை உண்டு என்று நினைத்த சமுதாயம் எங்களுடையது. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில், அம்பு எய்யுமுன் பசுவும் பார்ப்பனரும் பெண்களும் நோயாளிகளும் பிள்ளை இல்லாதவரும் அரணுக்குள் போய்விடுங்கள் என்று அறிவிக்கும் அரசனை நெட்டிமையார் பாடுகிறார். அந்த அரசன் எல்லா நேரமும் அப்படி நடந்தானா என்பது வேறு விசயம். சண்டை யாரோடு, யாரை விலக்க வேண்டும் என்று யோசிப்பது வீரத்தின் பகுதி என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. மிதிவெடியால் அந்த அறிவிப்பைச் செய்ய முடியாது. சண்டை முடிந்துவிட்டது, திரும்பி வா என்று அதனிடம் யாரும் சொல்லவும் முடியாது. துவக்கைக் கீழே வைக்கலாம், ஆட்லறியை இழுத்துக்கொண்டு போகலாம். மிதிவெடி, வைத்தவன் செத்து, அவன் எதற்காக வைத்தானோ அந்தக் காரணமும் செத்த பிறகும் காவலுக்கு நிற்கும்.

அதனால்தான் 1997 இல் ஒட்டாவாவில் கையெழுத்தான ஆட்களுக்கு எதிரான மிதிவெடித் தடை ஒப்பந்தத்தை, போருக்கும் முறை உண்டு என்ற பழைய எண்ணத்தின் புதிய எழுத்தாகவே நான் பார்க்கிறேன். இலங்கை 2017 டிசம்பர் 13 ஆம் தேதி அதில் இணைந்தது. அடுத்த ஜூன் மாதத்திலிருந்து அது எங்களைக் கட்டுப்படுத்துகிறது. பத்து வருடக் காலக்கெடு 2028 ஜூனில் முடிகிறது. யுத்தத்தில் வென்ற படை வைத்திருந்த ஓர் ஆயுதத்தை நாடே சட்டத்தால் விலக்கிவைத்தது சிறிய விசயம் இல்லை. எங்கள் அரசாங்கத்தோடு எனக்கு எத்தனையோ குறை உண்டு. இதற்கு நன்றி சொல்வேன்.

இப்போது உலகம் எதிர்த்திசையில் திரும்புகிறது. லித்துவேனியா, லத்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகளும் 2025 இல் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகும் முடிவை எடுத்தன. ரஷ்யாவை எல்லையில் வைத்திருக்கும் சிறிய நாடுகளின் பயம் எனக்கு விளங்குகிறது. பெரிய படைக்குப் பக்கத்தில் வாழ்வது என்ன என்று எங்களுக்குத் தெரியாதா? ரஷ்யாவோ ஒப்பந்தத்தில் இணையவே இல்லை. காலடி அதிர்வைத் தரையில் உணர்ந்து தானாகத் தீர்மானிக்கும் பிஓஎம்-3 போன்ற வெடிகளை அது உக்ரைனில் பயன்படுத்தியிருக்கிறது. வானத்திலிருந்து ட்ரோன்கள் வெடிகளைப் போட்டுவிட்டுப் போகின்றன. இவ்வளவு நுட்பம் வந்த பிறகும், அந்தக் காலடி சிப்பாயினதா, தண்ணீருக்குப் போன தாயினதா என்று அந்த வெடிக்குத் தெரியாது. ட்ரோன் போட்டதற்கு வரிசை இல்லை, காட்டித் தர ஒரு சார்ஜன்ட் இல்லை, பாலை மரத்தைக் காட்ட ஒரு பெடியன் இல்லை. அந்த நிலங்களைத் துப்புரவாக்கப் போகிறவர்கள் எங்களைவிடக் கடினமான வேலையைச் செய்யப்போகிறார்கள். அந்த நாடுகளின் ஆட்சியாளர்களிடம் என் போன்ற ஒருவன் கேட்கக்கூடியது: வைத்தேதான் தீருவோம் என்றால், ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள், திரும்ப எடுக்கும் செலவையும் இன்றே ஒதுக்கி வையுங்கள். வைக்கும் செலவு சில்லறை. எடுக்கும் செலவு ஒரு தலைமுறை.

அந்தச் செலவை யார் கொடுப்பது என்பது எங்களுக்கும் கேள்வியாகவே இருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது, உலகமெங்கும் வெடி அகற்றும் குழுக்கள் ஆடிப்போயின. எங்கள் வேலையில் பெரும் பங்கு அந்தக் காசில் நடந்தது. நன்றி மறக்கவில்லை. ஆனாலும் எங்கள் மண்ணை எங்கள் காசில் துப்புரவாக்குவது எங்கள் கடமை என்று நான் நினைக்கிறேன். படைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை அரசாங்கம் இதற்கு ஒதுக்கலாம். கோவில் கட்டவும் விழா எடுக்கவும் காசு அனுப்புகிற வெளிநாட்டுத் தமிழர், சிங்கள ஊரின் வெடியா தமிழ் ஊரின் வெடியா என்று பாராமல் இதற்கும் அனுப்பலாம்.

காசைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. இப்போது மிச்சமிருப்பவை இலகுவான நிலங்கள் இல்லை. காட்டுக்குள், பழைய முகாம்களின் பின்புறத்தில், யாரும் பதியாத சிறு துண்டுகள்தான் மிச்சம். அவற்றை அறிந்தவர்களுக்கு வயது ஏறிக்கொண்டு போகிறது. சிலர் செத்துவிட்டார்கள்; சிலர் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள்; சிலர் தெற்கில் ஓய்வூதியத்தில் இருக்கிறார்கள். பலர் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். சொன்னால் முன்னாள் போராளி என்று விசாரணை வருமோ என்று ஒருவருக்குப் பயம். சொன்னால் படைக்குத் துரோகி என்பார்களோ என்று மற்றவருக்குப் பயம். அடையாள அரசியலின் விலையை நான் பார்க்கும் இடம் இதுதான். மேடையில் பேசுகிறவர் அந்த விலையைக் கொடுப்பதில்லை. காட்டோரம் விறகு பொறுக்குகிற பெண் கொடுக்கிறாள்.

எனவே அரசாங்கத்திடம் என் கோரிக்கை நேரானது: வெடி இருக்கும் இடத்தைச் சொல்ல வருகிற எவரிடமும் வேறு எதையும் கேட்பதில்லை என்று சட்டத்தில் எழுதி, அதைக் காப்பாற்றுங்கள். எந்தச் சீருடை போட்டிருந்தாலும், புதைத்த கைகளுக்குச் சொந்தக்காரர்களிடம் கேட்பது: கிராம சேவகரிடமோ பங்குச் சுவாமியிடமோ ஐயரிடமோ மௌலவியிடமோ பிக்குவிடமோ, நீங்கள் நம்புகிற யாரிடமாவது, இடத்தை மட்டும் சொல்லுங்கள். மரத்தைச் சொல்லுங்கள், கிணற்றைச் சொல்லுங்கள், வாய்க்காலைச் சொல்லுங்கள். உங்கள் பெயர் எங்களுக்கு வேண்டாம். மீதியை நாங்கள் கம்பை வைத்துப் பார்த்துக்கொள்வோம்.